பயன் சொல்ல ஒருவர் வேண்டும்

கூடியிருந்து ஒரு நூலை வாசிப்பது யாழ்ப்பாணத்தாருக்கு வெளியூர்ப் பழக்கமன்று. நம்முடைய கோயில்களில் கந்தபுராண படனம் நடைபெறும் முறையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். சுற்றியிருப்போரில் எழுத்தறியாதவரும் இருப்பர், பண்டிதரும் இருப்பர். பயன் சொல்பவர் ஓரிடத்தில் வழுக்கினால் மண்டபத்தின் மூலையிலிருந்து மறுப்புக் குரல் ஒன்று எழும். சில வேளைகளில் அந்தத் தர்க்கம் பாட்டைவிட நீண்டுவிடும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை நமது பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்று அழைத்தார். அந்தப் பெயரில் எனக்குத் தயக்கம் உண்டு. மண்டபத்துக்குள் யாரை இருத்தினார்கள், யாரை வெளிவீதியில் நிறுத்தினார்கள் என்ற கேள்வியை அந்தப் பெயர் மூடிவிடுகிறது. இருந்தாலும் வாசிப்பு என்பது பலர் கூடிச் செய்யும் காரியம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

கோயிலுக்கு அடுத்தபடி வாசிகசாலை. ஊருக்கு ஒன்று, சில ஊர்களில் குறிச்சிக்கு ஒன்று. ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, நாலு பேர் கேட்டிருந்து, வாசித்து முடிய முன்னரே அரசியல் பேசத் தொடங்கிவிடுவார்கள். பத்திரிகைக்காரனாகிய எனக்கு அதைவிட நல்ல வாசகர் கூட்டம் எங்கே கிடைக்கும்? அதற்குப் பிறகு டொமினிக் ஜீவாவின் சலூன். 1966 இல் தொடங்கிய 'மல்லிகை' சஞ்சிகையின் ஆரம்ப காலத்தில், யாழ் நகரில் அவர் நடத்திய முடிதிருத்தகமே இலக்கியச் சங்கமாக இருந்தது. தலைமுடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் சிறுகதை பற்றித் தர்க்கம் செய்துவிட்டுப் போனார்கள்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. தற்பாலீர்ப்பை, அதாவது ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்பும் இயல்பைப் பற்றி எழுதப்பட்ட செவ்விய இலக்கியங்களை வாசிப்பதற்கென்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வாசகர் வட்டம் வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் உடனே இரண்டு முகங்கள் தெரியும். ஒன்று, கொழும்பிலிருந்தோ மேல்நாட்டிலிருந்தோ இறக்கிய சரக்கு என்று சுளிக்கும் முகம். மற்றது, பதாகை, கருத்தரங்கு, தேநீர் உபசாரம், நிழற்படம் என்று திட்டமிடத் தொடங்கும் தன்னார்வ நிறுவன முகம். இரண்டுக்கும் நான் எழுதவில்லை. வாசிக்கத் தெரிந்த, ஆனால் தன்னைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது என்பதே தெரியாத ஒரு பிள்ளை கரவெட்டியிலோ சாவகச்சேரியிலோ இருக்குமே, அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் பிரித்தானியர் இயற்றியது. அதன் 365 ஆம் பிரிவும் 365அ பிரிவும் ஒரே பாலினத்தாரிடையிலான உடலுறவைக் குற்றமாக்கின. 1995 இல் சட்டத்தைத் திருத்தியபோது அதைத் தளர்த்துவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 365அ பிரிவில் 'ஆண்' என்றிருந்த சொல்லை எடுத்துவிட்டுப் 'ஆள்' என்று போட்டார்கள். அதுவரை சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதிருந்த பெண்களும் அன்றோடு குற்றவாளிகளாயினர். இங்கிலாந்து தன்னுடைய சட்டத்தை 1967 இலேயே தளர்த்திவிட்டது. சட்டந்தான் இறக்குமதி, காதல் இறக்குமதியன்று என்ற வாதத்தைப் பலர் பல தடவை சொல்லிவிட்டார்கள். உண்மைதான், அதை நான் மறுபடி நீட்ட விரும்பவில்லை. 2016 இல் உயர் நீதிமன்றம், வயது வந்தோர் இருவர் மனமொத்து நடந்துகொள்வதில் அரசு தலையிடலாகாது என்ற கருத்து வளர்ந்துவருவதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சட்டம் சட்டமாக இருக்கிறது என்று கூறித் தீர்ப்பை நிறுத்தி, சிறைத்தண்டனையை ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாக மாற்றியது. பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 2023 மே மாதத்தில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டமூலம் நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது.

ஆனால் எந்தப் பிரிவிலும் ஒரு நாவலைக் கூடியிருந்து வாசிப்பது குற்றம் என்று இல்லை. இதைப் பலர் மறந்துபோகிறார்கள். சட்டம் தொடாத இடத்தையும் அச்சம் தொட்டுவிடுகிறது.

அந்த அச்சத்தை வளர்த்ததில் என்னுடைய தொழிலுக்கு ஒரு பங்கு உண்டு. 1999 இல் கொழும்பு ஆங்கில நாளேடு ஒன்றில் வாசகர் கடிதம் ஒன்று வெளிவந்தது. பெண்ணை விரும்பும் பெண்களை வல்லுறவுக் குற்றவாளிகளிடம் ஒப்படைத்துத் திருத்த வேண்டும் என்பது அதன் சாரம். தற்பாலீர்ப்பினருக்காக இயங்கிய ஓர் அமைப்பு பத்திரிகைச் சபையிடம் முறையிட்டது. சபை 2000 ஆம் ஆண்டில் முறைப்பாட்டைத் தள்ளியதோடு நில்லாது, முறையிட்டவரே பணம் செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. வல்லுறவுக்குத் தூண்டியவருக்கு ஒன்றுமில்லை, அதைத் தவறென்று சொன்னவருக்குத் தண்டம். 1995 இல் மாற்றிய அந்த ஒற்றைச் சொல் எத்தனை தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழ்ப் பத்திரிகைகளின் தீமை இத்தனை வெளிச்சமானதன்று. அது சொற்களில் இருக்கிறது. விடுதியொன்றில் வளர்ந்த ஒருவன் சிறுவனைச் சீரழித்துவிட்டால், அந்தச் செய்திக்கு 'தன்னினச்சேர்க்கை' என்று தலைப்பிடுவது நம்மிடையே நெடுங்காலப் பழக்கம். சிறுமிக்கு அதே கொடுமை நேர்ந்தால் 'துஷ்பிரயோகம்' என்று சரியாக எழுதுவோம். சிறுவன் என்றால் கொடுமை மறைந்து, இயல்பு குற்றமாகிவிடும். இதனால் இரண்டு அநியாயங்கள் விளைகின்றன. கெடுக்கப்பட்ட பிள்ளை, தானும் அந்த 'சேர்க்கை'யில் பங்காளி என்ற பழியோடு வாய்மூடிப் போகிறான். எவருக்கும் தீங்கு நினையாத இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன், தன் மனத்தில் இருப்பதற்குத் தமிழில் இருக்கும் ஒரே சொல் பொலிஸ் செய்தியில் வரும் சொல் என்று கண்டு, தன்னையே வெறுக்கத் தொடங்குகிறான்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் விவகாரத்துக்கு ஒரு வழி பிறந்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 இல் வழங்கிய உத்தரவுகளின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. பத்திரிகைகளும் அரசு அலுவலகங்களும் கண்ணியமான சொற்களைக் கையாள வேண்டும் என்பது நோக்கம். நல்ல காரியம். ஆனால் அரசாணையால் ஒரு சொல் அச்சில் ஏறலாம், நாக்கில் ஏறாது. சொல்லுக்கு உயிர் வருவது கதையால். ஆகவேதான் வாசகர் வட்டம் என்கிறேன்.

எதை வாசிப்பது? நம்முடைய அலுமாரியில் இருப்பதைக் கண்டாலே வியப்பாக இருக்கும்.

எஸ்.பொ.விலிருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மட்டக்களப்பில் ஆசிரியராக வாழ்ந்து, 2014 இல் சிட்னியில் மறைந்த எஸ். பொன்னுத்துரை, 1960களின் தொடக்கத்திலேயே 'தீ' என்ற நாவலை வெளியிட்டார். ஒரு மனிதனின் பாலியல் அனுபவங்களை இளம்பருவத்திலிருந்து பின்தொடரும் நூல். ஆணுக்கு ஆணோடு நேர்வதையும் அது ஒளிக்கவில்லை. அன்றைக்கு எழுந்த கூச்சல் பெரிது. பண்டிதர்களுக்கும் பிடிக்கவில்லை, முற்போக்காளருக்கும் பிடிக்கவில்லை. இந்த இரு சாராரும் ஒத்துப்போன விடயங்கள் ஈழத்து இலக்கிய வரலாற்றில் மிகச் சில என்பதை வாசகர்கள் அறிவார்கள்! எஸ்.பொ.வின் மொழிமீது இருந்த மதிப்பால் அவரை ஒதுக்கவும் முடியவில்லை. ஆகவே 'தீ'யைப் பற்றிப் பேசும்போது நடையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துபோகும் வழக்கம் உண்டாயிற்று.

தமிழ்நாட்டில் கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' 1978 இல் வந்தது. அதைத் தமிழின் தலையாய நாவல்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். அழகனாகப் பிறந்த கணேசன், வசதி படைத்த ஆண்களின் விருப்பத்துக்கு இரையாகி வளர்ந்து, பின்னர் தொழுநோயாளியாகித் தெருவுக்கு வருகிறான். வேதம் படித்த ஆசிரியரிடமிருந்து இப்படியொரு நூல் பிறந்தது ஓர் அதிசயம். அவர் கண்டிக்கவுமில்லை, கொண்டாடவுமில்லை. கண்டதை எழுதினார். 2023 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு வெளிவந்த பின்னரே நம்மவர் சிலர் மூலத்தைத் தேடினார்கள். அது நமது குணம்.

கி. ராஜநாராயணனின் 'கோமதி' என்ற சிறுகதை இன்னும் பழையது. ஆணுடலில் பெண் மனத்தோடு வாழும் சமையற்காரர் ஒருவரைப் பற்றியது. அதில் சிரிப்பும் இருக்கிறது, இரக்கமும் இருக்கிறது. சிரிப்பு எந்த இடத்தில் முடிந்து இரக்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை வைத்தே ஒரு மாலை முழுவதும் பேசலாம். சு. சமுத்திரத்தின் 'வாடா மல்லி' 1990களில் வந்தது. அதன்பின் திருநங்கையரே எழுத வந்துவிட்டார்கள். ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' ஆகியவை வந்த பிறகு, பிறர் அவர்களுக்காக எழுதியவற்றை வேறு கண்ணோடு வாசிக்க வேண்டியதாயிற்று. திருநர் வாழ்வும் தற்பாலீர்ப்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம்மூரில் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள்.

'தீ'யையும் 'பசித்த மானிட'த்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஓர் உண்மை தென்படும். இவற்றில் ஆணோடு ஆணுக்கு நேர்வது பெரும்பாலும் காதலன்று. வயதில், பணத்தில், பதவியில் வலியவர் எளியவரைப் பயன்படுத்திக்கொள்வது. பழைய தமிழ் எழுத்தாளர் கண்ணுக்கு அகப்பட்டது அதுவாக இருந்தது. இது ஒரு குறையா, அன்றி அந்தச் சமூகத்தின் சாட்சியமா? இதைத்தான் கூடியிருந்து பேச வேண்டும் என்கிறேன். பத்திரிகைத் தலைப்பு குழப்பிவைத்த துஷ்பிரயோகத்தையும் அன்பையும் வேறுபிரித்துக் காட்டும் வலிமை நல்ல நாவலுக்கு உண்டு. தனியே வாசிக்கும் பிள்ளை 'பசித்த மானிட'த்தை வாசித்துவிட்டுத் தனக்கும் இதுதான் கதி என்று முடிவு கட்டிவிடக்கூடும். பக்கத்தில் இருந்து பயன் சொல்ல ஒருவர் வேண்டும்.

காதலை எழுதியவர் ஷியாம் செல்வதுரை. 1965 இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, 1983 இன் பின்னர் கனடா சென்றவர். அவருடைய 'ஃபனி போய்' 1994 இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, அமெரிக்காவின் லாம்டா இலக்கிய விருதையும் கனடாவில் முதல் நாவலுக்கான விருதையும் பெற்றது. ஆர்ஜி என்ற கொழும்புத் தமிழ்ச் சிறுவன், பாட்டி வீட்டில் பெண் பிள்ளைகளோடு சேர்ந்து மணப்பெண் விளையாட்டு விளையாடுகிறான். சேலை உடுத்து மணப்பெண் ஆவது அவன்தான். ஒருநாள் பெரியவர்கள் கூடியிருக்கும் அறைக்குள் அந்தக் கோலத்திலேயே அவனை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார் ஒரு மாமி. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள், தகப்பன் சிரிக்கவில்லை. ஏன் என்று பிள்ளைக்குப் புரியவில்லை. நூல் முழுவதும் அந்த 'ஏன்' வளர்கிறது.

கொழும்பு மேட்டுக்குடிக் கதை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் நூலைத் திறக்காதவர்கள். அதில் யாழ்ப்பாணம் திரும்பத் திரும்ப வருகிறது. சிங்கள இளைஞனை விரும்பும் ராதா மாமி தாக்கப்படுவது யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் புகைவண்டியில். டரில் என்ற பறங்கியர் ஒரு பத்திரிகையாளர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் நடப்பவற்றை விசாரித்து எழுத யாழ்ப்பாணம் போகிறார். கடற்கரையில் பிணமாகக் கிடைக்கிறார். ஆர்ஜியின் தாய் நீதி கேட்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறாள், ஒவ்வொருவரும் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். இதே யாழ்ப்பாணத்தில் எத்தனை பத்திரிகையாளரின் உறவினர் அந்த வாசல்களில் ஏறி இறங்கினார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த வீட்டில் தங்கும் இளைஞன், புலி என்று சந்தேகிக்கப்படுகிறான். கடைசி அத்தியாயம் 1983 ஜூலை. வீடு எரிகிறது. அந்த எரிந்த நாட்களின் நடுவில் ஆர்ஜி பிரிய வேண்டியது நாட்டை மட்டுமன்று, ஷெஹான் என்ற சிங்கள நண்பனையும், அவனோடான காதலையும்.

'காணாமல் ஆக்கப்பட்டோர் பிரச்சினை இருக்கிறது, காணிப் பிரச்சினை இருக்கிறது, இப்போதா இது?' என்று கேட்பவர்களுக்கு இந்த நாவல்தான் என் மறுமொழி. தமிழன் என்பதற்காக வீட்டை இழப்பவனும், காதலுக்காக வீட்டுக்குள்ளேயே அந்நியனாகிறவனும் அதில் ஒரே பிள்ளை. ஒன்றை முதலில் பேசுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

இந்த நாவலை 2020 இல் தீபா மேத்தா திரைப்படமாக்கியபோது நம்மவர்கள் பொங்கி எழுந்தார்கள். தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழ் நடிகர்கள் இல்லை, உச்சரிப்புச் சரியில்லை என்பது முறைப்பாடு. நியாயமான முறைப்பாடு, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உச்சரிப்பைப் பற்றி எழுதப்பட்ட பந்திகளில் பத்திலொரு பங்காவது அந்தச் சிறுவனைப் பற்றி எழுதப்பட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். அவனுடைய தமிழைக் காப்பாற்ற நமக்கு ஆர்வம் இருந்தது.

செல்வதுரையின் இரண்டாவது நாவல் 'சினமன் கார்டின்ஸ்' 1998 இல் வந்தது. 1920களின் கடைசி, டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்திருந்த காலம், கறுவாத்தோட்டத்துத் தமிழ் முதலியார் குடும்பம். மகன் பாலேந்திரன் இலண்டனில் விட்டுவந்த காதலன், ஆணைக்குழுவின் வருகையை ஒட்டிக் கொழும்புக்கு வருகிறான். பாலேந்திரன் நல்ல கணவன், நல்ல தகப்பன், கீழ்ப்படிந்த மகன். மூன்றும் பொய்யல்ல, மூன்றும் முழு உண்மையுமல்ல. சர்வசன வாக்குரிமை கூடாது என்று நம்முடைய பெரியவர்கள் வாதாடிய காலத்தில், அந்த வீட்டுக்குள் யாருக்கு எதைச் சொல்லும் உரிமை இருந்தது என்று கேட்கும் நாவல். 1931 தேர்தலைப் பகிஷ்கரித்த யாழ்ப்பாண வாலிப காங்கிரஸின் வரலாற்றை மேடைகளில் பேசுகிறவர்கள் இதையும் வாசித்தால் அந்தக் காலத்தின் மற்றொரு பக்கம் தெரியும்.

பெண்களைப் பற்றியது குறைவு. எஸ். ஜே. சிந்துவின் 'மேரேஜ் ஒஃப் எ தௌசண்ட் லைஸ்' 2017 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. லக்கி என்ற ஈழத்தமிழ்ப் பெண்ணும் கிருஷ்ணா என்பவனும் இரு வீட்டாரையும் சமாளிக்க மணம் செய்துகொள்கிறார்கள். அவள் பெண்களை விரும்புகிறவள், அவன் ஆண்களை விரும்புகிறவன். புலம்பெயர்ந்த தமிழர் வாசிக்க வேண்டிய நூல். 'வெளிநாட்டில் எல்லாச் சுதந்திரமும் இருக்கிறதே' என்பவர்கள் நம்முடைய கலியாண மண்டபங்களை மறந்துவிடுகிறார்கள்.

உலக இலக்கியத்துக்குள் போனால் முடிவேயில்லை. ஈ. எம். ஃபொஸ்டர் 'மொறிஸ்' நாவலை 1914 வாக்கில் எழுதி முடித்தார். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்று பிடிவாதமாக எழுதினார். அச்சிட அஞ்சி அறைக்குள்ளேயே வைத்திருந்தார். அவர் 1970 இல் இறந்த பின்னர், 1971 இல்தான் அது வெளிவந்தது. இஸ்மத் சுக்தாய் உருதுவில் 1942 இல் எழுதிய 'லிஹாஃப்' சிறுகதைக்காக லாகூர் நீதிமன்றத்தில் ஆபாச வழக்கைச் சந்தித்தார், வென்றார். ஜேம்ஸ் போல்ட்வினின் 'ஜியோவானிஸ் றூம்' 1956. கறுப்பின எழுத்தாளன் கறுப்பினத்தாரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பை மீறியது அந்த நூல். போராட்டத்தில் இருக்கும் சமூகம் தன் எழுத்தாளனிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை நாம் அறியாதவர்களா?

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வகை வாசிப்பில் ஈடுபடுகிறவர்கள் உற்சாக மிகுதியால் சங்க இலக்கியத்துக்குள் பாய்வார்கள். முகம் பாராமலே கோப்பெருஞ்சோழனிடம் நட்புக்கொண்டு, அவனோடு வடக்கிருந்து உயிர்விட்ட பிசிராந்தையாரைப் பிடித்து நிறுத்துவார்கள். வேண்டாம் என்பேன். நட்புக்காகச் சாகும் ஓர் உலகம் இருந்தது என்பதே போதுமான அதிசயம், அதற்கு வேறு பெயர் சூட்டினால் நட்பையும் இழப்போம். கந்தபுராணத்து மகாசாத்தாப் படலத்தில் மோகினியாகி வந்த திருமாலோடு சிவபெருமான் கூட, ஐயனார் பிறக்கிறார். அதுவும் சைவசித்தாந்தப் பொருளோடு சொல்லப்படுவது. ஆனால் ஒன்று கேட்கலாம் அல்லவா? அந்தப் படலத்தைக் கோயில் மண்டபத்தில் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் இருந்து கேட்டார்கள், எவரும் காதைப் பொத்தவில்லை. இசை நாடக மேடையில் சந்திரமதியாக ஆண் நடிகர் அழுதபோது விடியவிடிய இருந்து நாமும் அழுதோம். நம்முடைய காது இத்தனை கூச்சமுள்ளதாக எப்போது மாறியது?

இன்னொரு நினைவூட்டலும் பொருத்தம். 1960களில் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வையும் பேச்சையும் டானியலும் ஜீவாவும் எழுத வந்தபோது, 'இழிசனர் இலக்கியம்' என்று பண்டிதர் உலகம் ஏளனம் செய்தது. இலக்கியத்துக்குரிய பொருளல்ல என்றார்கள், மரபு கெடும் என்றார்கள். இன்று டானியலின் 'பஞ்சமர்' இல்லாமல் ஈழத்து நாவல் வரலாறு எழுத முடியுமா? எது இலக்கியத்துக்குரியது என்பதில் யாழ்ப்பாணம் ஏற்கெனவே ஒருமுறை தன் எண்ணத்தை மாற்றிக்கொண்ட ஊர்.

பிற ஊர்களில் என்ன நடந்தது? இலண்டனில் 'கேஸ் த வேர்ட்' என்ற புத்தகக் கடை 1979 இல் தொடங்கியது. புத்தகக் கடையாக மட்டுமன்றிக் கலந்துரையாடல் குழுக்கள் கூடும் இடமாகவும் இருந்தது. 1984 இல் சுங்க அதிகாரிகள் புகுந்து நூற்றுக்கணக்கான இறக்குமதி நூல்களை அள்ளிப்போனார்கள். அள்ளப்பட்டவற்றில் டென்னசி வில்லியம்ஸ், கோர் விடால் போன்றோரின் நூல்களும் இருந்தன. வாசகர்களும் எழுத்தாளர்களும் பணம் சேர்த்து வழக்காட முன்வந்தனர். 1986 இல் வழக்கு கைவிடப்பட்டது. சென்னையில் 'க்வியர் சென்னை குரோனிக்கிள்ஸ்' என்ற குழு 2018 இல் ஓர் இலக்கிய விழாவைத் தொடங்கியது. அதே ஆண்டில் கிரீஷ் எழுதிய 'விடுபட்டவை' நூலையும் கருப்புப் பிரதிகளோடு சேர்ந்து வெளியிட்டது. ஓர் ஆண் தன்னுடைய விருப்பத்தைத் தமிழிலேயே எழுதிய நூல். அந்த ஆண்டு செப்டெம்பர் 6 ஆம் திகதிதான் இந்திய உச்ச நீதிமன்றம் 377 ஆம் பிரிவைத் தளர்த்தியது. விழாவோ அதற்கு முன்னரே, சட்டம் இருக்கையிலேயே நடந்துவிட்டது. சட்டம் மாறட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

யாழ் நகர வீதிகளிலும் அண்மை ஆண்டுகளில் வானவில் கொடியோடு பேரணிகள் நடந்திருக்கின்றன. அந்தத் துணிவுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் பேரணியில் நடக்க முடிந்தவர்கள் சிலர். முகத்தைக் காட்ட முடியாதவர்கள் பலர். அடையாளத்தை அறிவிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லாமல் வந்திருக்கக்கூடிய இடம், நூலைச் சுற்றிய வட்டம். 'நாவல் வாசிக்கப் போனேன்' என்று வீட்டில் சொல்லலாம், அது உண்மையுமாக இருக்கும். தாய்மார் வரலாம், ஆசிரியர் வரலாம், சும்மா இலக்கிய ருசிக்கு வருபவரும் வரலாம். யார் யார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் வேண்டாம், வம்பு பேசக் காத்திருப்போருக்கு நாமே கயிறு கொடுத்தல் ஆகாது. படம் எடுக்கக் கூடாது. அனுசரணையாளர் கூடாது. விடயம் தெரிந்த ஒரு வழக்கறிஞரையும் நல்ல உளவளத் துணையாளர் ஒருவரையும் அறிந்து வைத்திருப்பது அவசியம், ஏனெனில் ஒரு கதை சில வேளைகளில் வாசகரின் அடைத்து வைத்த கதவைத் திறந்துவிடும். திறந்த பிறகு என்ன செய்வது என்பது அமைப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மொழிதான் பெரிய தடை என்பார்கள். நான் சொன்னவற்றில் பாதி ஆங்கில நூல்கள். குடாநாட்டில் ஆங்கில நாவலைச் சரளமாக வாசிக்கக்கூடியவர் தொகை அதிகமில்லை என்பது உண்மை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் மட்டும் கூடினால் அது மறுபடியும் ஒரு கறுவாத்தோட்டமாகிவிடும். இதற்குத்தான் தொடக்கத்தில் புராண மண்டபத்துக்குப் போனேன். ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்கட்டும். மற்றவர் தமிழில், நம்முடைய பேச்சில், பயன் சொல்லட்டும். மூலையிலிருப்பவர் மறுக்கட்டும். மணப்பெண் விளையாட்டை யாழ்ப்பாணத் தமிழில் எப்படிச் சொல்வது, அந்தத் தகப்பனின் மௌனத்துக்கு நம்மூரில் என்ன பெயர் என்று நாலு பேர் தர்க்கம் செய்யட்டும். அந்தத் தர்க்கத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் பிறக்கவும் கூடும். பத்திரிகைக்கு வேண்டிய சொற்களும் பிறக்கும்.

முதல் மூன்று மாதங்களுக்கு என் தெரிவைக் கேட்டால், முதலில் 'கோமதி'. ஒரே இருப்பில் வாசித்துவிடலாம், சிரித்துப் பழகலாம். இரண்டாவது 'ஃபனி போய்' நூலின் முதல் அத்தியாயம், பயனோடு. மூன்றாவதாக, ஒருவரையொருவர் சற்று அறிந்துகொண்ட பின்னர், 'தீ'. அறுபது ஆண்டுகளாக அதன் நடையைப் பற்றிப் பேசிவிட்டோம். இனி நடை பற்றி யாராவது தொடங்கினால் வட்டத் தலைவர் மணியை அடித்து நிறுத்த வேண்டும் என்று விதி எழுதிவைக்கலாம்.